வாலஸ் டார்ட்டன் நெய்வது எப்படி: இழைக்கணக்கு வாசிப்பதிலிருந்து அலசித் தேய்ப்பது வரை

ஸ்காட்லாந்தின் கட்டம்போட்ட குலத் துணியான டார்ட்டனை நெய்யப் பழக வருகிறவர்களில் பலர் தறியில் தவறுவதில்லை. தறிக்கு வருமுன்பே, காகிதத்தில் இருக்கும் நான்கைந்து எண்களை வாசிப்பதில் தவறிவிடுகிறார்கள். அந்தத் தவறு, இருநூறு இழையையும் கோத்து ஒரு சாண் நெய்த பிறகுதான் கண்ணில் படும். அதனால் இங்கே பாதி இடத்தை நெசவுக்கு முந்தைய வேலைக்கே கொடுத்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டாக ஸ்காட்லாந்தின் வாலஸ் குலத்துச் சிவப்பு டார்ட்டனை எடுத்துக்கொள்வோம். மூன்றே நிறம், நான்கே எண். இதைச் சரியாக நெய்துவிட்டால் ஏழெட்டு நிறம் வரும் டார்ட்டனும் இதே வழிதான். நெய்யப்போவது ஒரு கழுத்துத் துண்டு. மேசைத் தறியில் சாதா நெசவு ஏற்கெனவே நெய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

நான்கு விழுதுச் சட்டம் (பாவு இழைகளை, அதாவது நீளவாக்கில் கட்டிய இழைகளைத் தூக்கும் சட்டம்) உள்ள தறி வேண்டும். இரண்டு சட்டம் உள்ள தறியில் சாதா நெசவு மட்டுமே வரும். குலத் துணிகளுக்கு உரிய நெசவு ட்வில்: குறுக்கே போகும் ஒவ்வொரு ஊடை இழையும் இரண்டு பாவு இழைக்கு மேலே, இரண்டுக்குக் கீழே என்று போகும், அடுத்த ஊடை ஓர் இழை தள்ளித் தொடங்கும். துணியில் தெரியும் சாய்வரி அப்படித்தான் உருவாகிறது.

இரண்டு புரி கம்பளி நூல், வழவழப்பான வகை. பஞ்சுபோல் உப்பிய பின்னல் நூல் வேண்டாம். அதில் கோடுகளின் ஓரம் மங்கிவிடும், டார்ட்டனின் அழகே ஓரம் கூர்மையாக இருப்பதில்தான் இருக்கிறது. நூலை ஓர் அளவுகோலில் நெருக்கமாகச் சுற்றிப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு 30 சுற்று வந்தால் இந்த வழிகாட்டியின் கணக்கெல்லாம் அப்படியே பொருந்தும்.

அங்குலத்துக்கு 10 பல் உள்ள அச்சு (பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு), ஊடை நூலைக் கொண்டுபோக நிறத்துக்கு ஒன்றாக மூன்று நாடா, கட்டத்தாள், வண்ணப் பென்சில். கணினி விரிதாள் தெரிந்தால் இன்னும் நல்லது.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை. சிவப்பு நூலில் ஒரு துண்டை வெள்ளை நூலோடு முறுக்கி, சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் போட்டு வையுங்கள். வெள்ளையில் சாயம் ஏறினால் அந்த நூலை இதற்கு எடுக்காதீர்கள். நெய்து முடித்து அலசும்போது மஞ்சள் கோடு ஆரஞ்சாகிவிட்டால் திருத்த வழியே இல்லை.

2. சரியான இழைக்கணக்கைப் பிடியுங்கள்

ஸ்காட்லாந்து டார்ட்டன் பதிவேடு 2008-இல் இயற்றிய சட்டத்தின்படி அமைந்தது; 2009 பிப்ரவரியிலிருந்து நடக்கிறது. ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் அதைப் பராமரிக்கிறது. தேடத் தொடங்க வேண்டிய இடம் அதுதான். கடைப் படத்தைப் பார்த்து இழை எண்ணுவது கடைசி வழி.

குலப் பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். ஒரே பெயரில் பல டார்ட்டன்கள் இருக்கும். வாலஸிலேயே சிவப்பு ஒன்று. சிவப்பின் இடத்தில் பச்சை வரும் வேட்டை வாலஸ் ஒன்று. மேக்கிரெகர் என்று தேடினால் சிவப்பும் கறுப்பும் சமமாக மாறிவரும் ராப் ராய் கட்டமும் வரும், பச்சைக் கட்டமும் வெள்ளைக் கோடும் உள்ள வேறொன்றும் வரும். பதிவேட்டில் ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

வாலஸ் குலத்தார் அல்லாதவர் இதை நெய்யலாமா, அணியலாமா என்று கேட்பார்கள். குல டார்ட்டன்களுக்கு அப்படிச் சட்டத் தடை எதுவும் இல்லை. அரச குடும்பத்தின் பால்மோரல் போன்ற சிலவற்றைத்தான் தொடக்கூடாது. நிறுவனங்களும் தனியாரும் புதிதாக வடிவமைத்துப் பதிந்தவற்றுக்கு உரிமையாளரிடம் கேட்க வேண்டும்.

3. எண்களை வாசித்தல்: எல்லாமே இங்கேதான்

வாலஸின் கணக்கு இது: கே/4 ஆர்32 கே32 ஒய்/4.

எழுத்து நிறத்தையும் எண் இழைகளையும் சொல்கிறது. ஆர் சிவப்பு, ஒய் மஞ்சள், கே கறுப்பு. பி நீலத்துக்குப் போய்விட்டதால் கறுப்புக்குக் கே. இந்த ஒன்றை மறந்து பி என்பதைக் கறுப்பாக எடுத்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஜி பச்சை, சாம்பல் நிறத்துக்கு என், பழுப்புக்கு டி.

சாய்கோடு போட்ட முதல் எண்ணும் கடைசி எண்ணும் திரும்பும் பட்டைகள். கணக்கு இடமிருந்து வலமாகப் போய், கடைசிப் பட்டையைத் தொட்டதும் வந்த வழியே திரும்பும். முதல் பட்டையைத் தொட்டதும் மறுபடி முன்னே போகும். திரும்பும் பட்டையை ஒரே ஒரு தடவைதான் போட வேண்டும். அப்படி விரித்து எழுதினால் ஒரு முழுச் சுற்று இப்படி வரும்:

கறுப்பு 4, சிவப்பு 32, கறுப்பு 32, மஞ்சள் 4, கறுப்பு 32, சிவப்பு 32.

மொத்தம் 136 இழை. அடுத்த சுற்று மறுபடி கறுப்பு 4-இல் தொடங்கும். இதைக் கட்டாயம் கையால் எழுதிப் பாருங்கள். மனத்துக்குள் விரித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இங்கே வரும் தவறுகள் மூன்று வகை.

முதலாவது, திரும்பும் பட்டையை இரண்டு தடவை போடுவது. கண்ணாடியில் பார்ப்பதுபோல் அப்படியே திருப்பி எழுதினால் மஞ்சள் 4-க்குப் பக்கத்தில் இன்னொரு மஞ்சள் 4 வந்து உட்கார்ந்துவிடும். 8 இழை மஞ்சள் கோடு கறுப்பின் நடுவில் தடித்துத் தெரியும். துணி வாலஸாக இருக்காது.

இரண்டாவது, திருப்பாமலே விடுவது. கறுப்பு 4, சிவப்பு 32, கறுப்பு 32, மஞ்சள் 4 என்று நேராகத் திரும்பத் திரும்பப் போட்டால் மஞ்சள் கோடும் மெல்லிய கறுப்புக் கோடும் ஒட்டிக்கொள்ளும். சிவப்பின் நடுவில் கறுப்புக் கோடு வரவேண்டிய இடம் வெறுமையாகிவிடும். ஆனால் எல்லா டார்ட்டனும் திரும்புவதும் இல்லை. புக்கானன் குலத்துடையது திரும்பாமல் ஒரே திசையில் ஓடும் வகை. சாய்கோடு இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள், பழக்கத்தை நம்பாதீர்கள்.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. பழைய பட்டியல்கள் சிலவற்றில் திரும்பும் பட்டைக்குப் பாதி எண்ணைத்தான் எழுதியிருப்பார்கள். திருப்பும்போது அது இரட்டித்து முழு அகலமாகும் என்பது அவர்கள் கணக்கு. இன்னும் சிலவற்றில் இழை எண்ணிக்கையே இருக்காது. 1831-இல் எழுத்தாளர் ஜேம்ஸ் லோகன் கொடுத்த பட்டியல்கள் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கை அலகாகக் கொண்டவை. சந்தேகம் வந்தால் துணியின் படத்தை எடுத்து மெல்லிய கோட்டின் அகலத்தைப் பெரிய பட்டையின் அகலத்தோடு ஒப்பிடுங்கள். வாலஸில் மஞ்சள் கோடு, அதன் ஒரு பக்கத்துக் கறுப்புப் பட்டையில் எட்டில் ஒரு பங்கு. நான்கில் ஒரு பங்காகத் தெரிந்தால் எங்கோ இரட்டித்திருக்கிறீர்கள்.

எண்கள் எல்லாம் இரட்டைப்படையாக இருப்பதையும் கவனியுங்கள். நாடா போய்த் திரும்பினால் இரண்டு இழை. இரட்டை எண் என்றால் நூல் புறப்பட்ட ஓரத்திலேயே வந்து நிற்கும், நிறம் மாற்ற ஒரே பக்கம் போதும். பாவு ஓட்டும்போதும் இதே வசதிதான்.

4. நெய்வதற்கு முன் வரைந்து பாருங்கள்

டார்ட்டனில் பாவும் ஊடையும் ஒரே வரிசை. அதனால் 136 இழைப் பட்டியல் ஒன்று இருந்தால் முழுப் படத்தையும் வரைந்துவிடலாம்.

விரிதாளின் மேல் வரிசையில் பாவு நிறங்களை இடமிருந்து வலமாகவும், இடது ஓரத்தில் ஊடை நிறங்களை மேலிருந்து கீழாகவும் நிரப்புங்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் இழை. உள்ளே ஒவ்வொரு கட்டத்துக்கும் விதி இது: பாவின் எண்ணிலிருந்து ஊடையின் எண்ணைக் கழித்து 4-ஆல் வகுங்கள். மீதி 0 அல்லது 1 என்றால் அங்கே பாவின் நிறம், 2 அல்லது 3 என்றால் ஊடையின் நிறம். ட்வில் நெசவே அவ்வளவுதான்.

படத்தைக் கிட்டத்தில் பாருங்கள். சிவப்புப் பாவும் சிவப்பு ஊடையும் சந்திக்கும் இடம் முழுச் சிவப்பு. சிவப்பும் கறுப்பும் சந்திக்கும் இடத்தில் இரண்டும் பாதிப் பாதியாகச் சாய்வரிகளாக ஓடி, தள்ளி நின்றால் கருஞ்சிவப்பாகத் தெரியும். மூன்று நூல் நிறத்தில் மூன்று முழு நிறம், மூன்று கலப்பு நிறம் என்று ஆறு கிடைக்கின்றன. முழு மஞ்சள் கிடைப்பது ஓர் இடத்தில்தான்: மஞ்சள் கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டும் 4-க்கு 4 இழைச் சிறு சதுரத்தில். மற்ற எல்லா இடத்திலும் மஞ்சள் பாதிதான். கறுப்பின் மேல் விட்டு விட்டுப் படிக்கட்டுபோல் இறங்கும்.

இதை முன்கூட்டியே பார்க்காதவர்கள் தறியில் உட்கார்ந்தபின் மஞ்சள் மங்கலாக இருக்கிறது என்று பதறி இரண்டு இழை கூட்டிவிடுகிறார்கள். கூட்டாதீர்கள். அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

படத்தை வைத்து இழை எண்ணுகிறவர்களும் இங்கேதான் வழுக்குகிறார்கள். கலப்புச் சதுரத்தைத் தனி நிறமாக எண்ணி, இல்லாத பழுப்பு நூலை வாங்கி வந்துவிடுவார்கள். கையில் துணியே இருந்தால் குஞ்சத்தைப் பாருங்கள். அங்கே பாவு நூல்கள் மட்டும் தனியாகத் தொங்கும், ஏமாற வழியில்லை.

5. நிறம் தேர்வு

கணக்கு சிவப்பு என்று மட்டும்தான் சொல்லும். எந்தச் சிவப்பு என்பது நூல் வாங்குபவர் கையில். ஸ்காட்லாந்து ஆலைகள் ஒரே கணக்கை மூன்று நான்கு சாயத் தொகுதிகளில் நெய்கின்றன. நவீனம் என்பது அடர்ந்த நிறங்கள். பழையது என்பது தாவரச் சாயத்தை நினைத்துச் செய்த வெளிர் நிறங்கள். வெயில்பட்டது என்பதில் சிவப்பு மங்கும், நீலம் சாம்பலாகும், பச்சை பழுப்பை நோக்கிப் போகும்.

எதையும் எடுக்கலாம், கலக்க மட்டும் வேண்டாம். வெளிர்ச் சிவப்புக்குப் பக்கத்தில் அடர்கறுப்பு வைத்தால் கறுப்பு முன்னே பாய்ந்து நிற்கும். வாலஸுக்கு என் தேர்வு நவீனத் தொகுதிதான். இரண்டே பெரிய நிறம் உள்ள கட்டத்தில் பளிச்சென்ற முரண் இல்லாவிட்டால் துணி உயிரில்லாமல் கிடக்கும்.

நூல்களைப் பக்கம் பக்கமாக வைத்துக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். வாலஸில் பிரச்சினை வராது. பிளாக் வாட்ச் மாதிரி கருநீலம், கறுப்பு, பச்சை மூன்றும் சேரும் டார்ட்டனில் இது ரொம்ப முக்கியம். நீலம் அளவுக்கு மீறி அடர்ந்திருந்தால் அதில் ஓடும் கறுப்புக் கோடுகள் காணாமல் போய்விடும்.

6. அகலமும் நூலும்: கணக்குப் போடும் இடம்

அளவுகோலில் நூலைச் சுற்றிப் பார்த்த எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்கு ட்வில்லுக்கு ஏற்ற நெருக்கம். 30 சுற்று என்றால் அங்குலத்துக்கு 20 இழை. சாதா நெசவுக்கு இதே நூலை 15 வைப்போம். ட்வில்லில் பாவும் ஊடையும் பின்னிக்கொள்ளும் இடங்கள் குறைவு, அதனால் நெருக்கி வைத்தால்தான் துணி தொளதொளக்காது.

20 இழை என்றால் 136 இழையுள்ள ஒரு முழுச் சுற்று 6.8 அங்குலம். இரண்டு சுற்றை அப்படியே போட்டால் ஓர் ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு, மறு ஓரத்தில் சிவப்புப் பட்டை என்று துண்டு ஒருபக்கமாகச் சாய்ந்த மாதிரி இருக்கும். ஓரம் எப்போதும் பெரிய பட்டையின் பாதியில் விழட்டும், நடுவில் ஒரு திரும்பும் பட்டை வரட்டும். நான் போடும் வரிசை:

சிவப்பு 16, கறுப்பு 32, மஞ்சள் 4, கறுப்பு 32, சிவப்பு 32, கறுப்பு 4, சிவப்பு 32, கறுப்பு 32, மஞ்சள் 4, கறுப்பு 32, சிவப்பு 16.

மொத்தம் 236. அச்சில் 11.8 அங்குலம், கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர். 236 நான்கால் மீதியின்றி வகுபடுவதால் விழுதில் கோக்கும் வரிசையும் சுத்தமாக முடியும். இரண்டு ஓரத்துக்கும் ஒவ்வொரு சிவப்பு இழை தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவை ஏன் என்று 7-இல் வரும்.

பாவின் நீளம் 2.9 மீட்டர். நெய்யும் நீளம் 2 மீட்டர் சொச்சம், நெசவில் வளைந்து குறைவது, தறியில் வீணாகும் முனை எல்லாம் அதில் அடக்கம். ஊடையையும் சேர்த்துப் பத்து சதவீதம் கூட்டி வாங்கினால் சிவப்பு 590 மீட்டர், கறுப்பு 715, மஞ்சள் 45. ஒரே தடவையில் சாயமேற்றிய தொகுப்பிலிருந்து வாங்குங்கள். பாதியில் தீர்ந்து போய் வேறு தொகுப்பு வாங்கினால் அந்த இடத்தில் கோடு தெரியும்.

கட்டத்தைச் சிறியதாக்க வேண்டுமா? எல்லா எண்ணையும் ஒரே விகிதத்தில் குறைக்கலாம். பாதியாக்கினால் 2, 16, 16, 2. முக்காலாக்கினால் மெல்லிய கோடுகள் 3 ஆகி ஒற்றைப்படையில் நிற்கும். அங்கே 4, 24, 24, 4 என்று கோட்டைக் குறைக்காமல் விடுவதே என் வழக்கம். மெல்லிய கோடு இன்னும் மெலிந்தால் கண்ணுக்கே தட்டாது.

7. பாவு ஓட்டி, கோத்தல்

நிற வரிசைப்படியே ஒரே மூச்சில் பாவு ஓட்டுங்கள். எல்லாச் சிவப்பையும் முதலில் ஓட்டி, பிறகு கறுப்பை ஓட்டி, அச்சில் கோக்கும்போது பிரித்துக்கொள்ளலாம் என்பது வீண் வேலை. இழைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிச் சிக்கும். நிறம் மாற்றும் முடிச்சு பாவுச் சட்டத்தின் முதல் ஆணியில்தான் விழ வேண்டும், நடுவில் விழுந்தால் அது துணிக்குள் வந்துவிடும்.

ஒவ்வொரு நிறப் பட்டை முடிந்ததும் ஒரு வெள்ளை நூலால் கட்டிவிடுங்கள். 32 என்று நினைத்து 30 ஓட்டியிருந்தால் அந்தக் கட்டை அவிழ்த்து எண்ணினால் போதும், முதலிலிருந்து எண்ண வேண்டாம்.

விழுதில் 1, 2, 3, 4 என்று நேர் வரிசை. நான்கு நான்காக எடுத்துக் கோத்து, முடித்த ஒவ்வொரு நான்கையும் இழுத்துப் பாருங்கள். ஒரு விழுதைத் தவறவிட்டால் சாய்வரி அந்த இடத்தில் உடைந்து, துணியின் நீளம் முழுக்க ஒரு வடுவாக ஓடும். அச்சில் பல்லுக்கு இரண்டு இழை.

ஓரத்துக்கென்று வைத்த அந்த இரண்டு தனி இழைகளை அச்சில் மட்டும் கோத்து, விழுதில் கோக்காமல் விடுங்கள். ட்வில்லில் ஓர இழை சில ஊடைகளில் பிடிபடாமல் வெளியே தொங்கும். இந்தத் தனி இழைக்கு மேலாக நாடா உள்ளே போய், மறு ஓரத்துத் தனி இழைக்குக் கீழாக வெளியே வந்தால் ஊடை ஒவ்வொரு தடவையும் ஓரத்தில் பிடித்துக்கொள்ளும்.

8. நெய்தல்: சதுரம் சதுரமாக வருகிறதா?

மிதிகள் (மேசைத் தறியில் கைப்பிடிகள்) தூக்கும் சட்டங்கள் 1-2, 2-3, 3-4, 4-1 என்று சுற்றி வரும். நிறம் மாறினாலும் மிதி வரிசை நிற்காது. நிறம் மாற்றும்போது மறுபடி 1-2-இலிருந்து தொடங்கிவிடுவது புதியவர்களிடம் அடிக்கடி பார்க்கிற பிழை. சாய்வரி அங்கே முறிந்துவிடும். ஒரு பட்டையின் எண்ணிக்கை நான்கின் மடங்கு என்றால் அடுத்த நிறம் இயல்பாகவே 1-2-இல் தொடங்கும், வாலஸில் எல்லாம் அப்படித்தான். மிதியையும் நிறத்தையும் ஒன்றுக்கொன்று சரிபார்க்க இது நல்ல வழி.

ஊடை வரிசை பாவு வரிசையேதான்: சிவப்பு 16-இல் தொடங்கி அதே போக்கில் போய், சுற்றுகள் தொடர்ந்து, கடைசியில் சிவப்பு 16-இல் முடிய வேண்டும். 1596 ஊடையில் அப்படி முடியும், தறியில் 2 மீட்டர் சொச்சம் வரும்.

இனி முக்கியமான விஷயம். பாவில் அங்குலத்துக்கு 20 இழை இருந்தால் ஊடையிலும் 20 இருக்க வேண்டும். ஓங்கி அடித்தால் கட்டம் தட்டையாகும், மெதுவாக அடித்தால் நீண்டுபோகும். 16 இழைச் சிவப்பில் யாருக்கும் தெரியாது; ஒரு முழுச் சுற்று நெய்த பிறகு கட்டம் செங்கல்போல் கிடக்கும்.

ஒரு காகிதப் பட்டையைப் பாவின் மேல் குறுக்கே வைத்து எல்லா நிற எல்லைகளையும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பாவின் இழுவிசையைத் தளர்த்திவிட்டு, அதே பட்டையை நீளவாக்கில் நெய்த பகுதியின் மேல் வையுங்கள். கோடுகள் ஒன்றோடு ஒன்று பொருந்த வேண்டும். இழுத்துக் கட்டிய நிலையில் அளந்தால் துணி நீண்டு காட்டும், அதை நம்பி இன்னும் ஓங்கி அடித்துவிடுவீர்கள். முதல் சுற்றில் ஒவ்வொரு பட்டைக்கும் இப்படிப் பாருங்கள். அதற்குப் பிறகு கைக்கே பழகிவிடும். கண்ணுக்கு இன்னொரு அடையாளம்: மூலையிலிருந்து பார்த்தால் சாய்வரி 45 பாகையில் ஓட வேண்டும்.

4 இழை மஞ்சளுக்கும் மெல்லிய கறுப்புக்கும் நூலை வெட்ட வேண்டியதில்லை என்று சொல்வார்கள். பக்கத்து நிறம் 4 ஊடை நேரம் ஓரத்தில் காத்திருக்கலாம், அது சரி. ஆனால் மஞ்சளை அடுத்த மஞ்சள் வரைக்கும் 132 ஊடை தூரம் ஓரத்தில் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். வெட்டி, முனையை அதே திறப்பில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்ளே மடித்து விடுங்கள். முனைகள் எல்லாம் ஒரே ஓரத்தில் விழுந்தால் அந்த ஓரம் தடிக்கும். அதனால் மஞ்சளை இடது ஓரத்திலிருந்தும் மற்ற இரண்டையும் வலது ஓரத்திலிருந்தும் தொடங்குவேன்.

9. இறக்கி, அலசி, தேய்த்தல்

தறியிலிருந்து வெட்டும்போது இரு முனையிலும் 12 சென்டிமீட்டர் பாவு விடுங்கள். நான்கு இழைக்கு ஒரு குஞ்சமாக, இரண்டிரண்டு இழையைத் தனித்தனியே முறுக்கி, பிறகு இரண்டையும் எதிர்த் திசையில் சேர்த்து முறுக்கி முடிச்சிடுங்கள். பட்டைகள் எல்லாம் நான்கின் மடங்கு என்பதால் குஞ்சமும் ஒவ்வொன்றும் ஒரே நிறமாக வரும். ஓரத்துத் தனி இழையைப் பக்கத்துக் குஞ்சத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பைக் கரைத்து, துணியைப் போட்டு, கசக்காமல் அமுக்கி அமுக்கி எடுங்கள். அலசும் நீரும் அதே சூட்டில் இருக்கட்டும். சூடு திடீரென்று மாறுவதும் தேய்த்துக் கசக்குவதும் சேர்ந்தால் கம்பளி சுருங்கிக் கட்டியாகும். பத்து சதவீதம் சுருங்குவது இயல்பு, அதற்குத்தான் நீளத்தைக் கூட்டி வைத்தோம். அலசும்வரை இழைகளுக்கு இடையே சிறு இடைவெளி தெரியும். அதைப் பார்த்து நெசவு தவறிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். நனைந்ததும் கம்பளி உப்பி அதை மூடிவிடும்.

பிழியாமல் ஒரு துண்டில் சுருட்டி நீரை எடுத்துவிட்டு, மேசையில் விரித்துக் கோடுகளைக் கையால் நேராக்குங்கள். ஈரத்தில்தான் கோடு சொன்னபடி கேட்கும். கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே மேலே ஒரு பருத்தித் துணியைப் போட்டு, இஸ்திரிப் பெட்டியை நகர்த்தாமல் வைத்து வைத்து எடுங்கள். நகர்த்தினால் நேராக்கிய கோடு மறுபடி வளைந்துவிடும்.